பார்த்ததை மட்டும் சொல்பவர்

வெளியே மழை பெய்கிறதா என்று அவரிடம் கேட்டால், "இஞ்சை பெய்யுது" என்பார். எங்கள் வாசலுக்கு முன்னால் பெய்கிறது என்று அர்த்தம். தெருவின் அந்தக் கோடியில் பெய்கிறதா என்று அவர் சொல்ல மாட்டார். அங்கே அவர் இல்லையே.

"குழம்புல உப்பு சரியா இருக்காங்க ஐயா?" என்று என் மாமியார் கேட்பார்.

"இந்தக் கவளத்திலை சரி, அம்மா."

மாமியார் அடுப்படிக்கு வந்து என்னிடம் முறையிடுவார். "பாத்தியா புள்ள? அடுத்த கவளத்துக்கு நான் என்ன கடல்தண்ணியையா ஊத்தப்போறேன்? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்து உதிர்ந்துடுமா?"

சிலோன் ஐயா என்றுதான் நாங்கள் எல்லாரும் அவரைக் கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர், என் கணவரைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். சிராங்கூன் சாலையிலிருந்து மாட்டுத் தொழுவங்களுக்குப் போகிற சந்தில் எங்கள் வீடு. முன்னறையில் அவர் வாடகைக்கு இருந்தார், சாப்பாடும் எங்களிடம்தான். நடுவில் நாங்கள். பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த மாட்டுக் கொட்டகை. என் மாமியார் நாகப்பட்டினத்திலிருந்து இளம் வயதில் கப்பலேறி வந்தவர். மாமனார் போன பிறகு அந்தப் பால் வியாபாரத்தை அவரே நிமிர்த்தி வைத்தார். அவர் குரல் சந்தின் இரண்டு முனைக்கும் கேட்கும். என் கணவர் அதில் பாதி பேசுவார். நான் பேசுவதே இல்லை. பாதிரிமார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள்தான், ஆனால் வாய் திறப்பதற்கு அந்தப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.

முன்னறைக் கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டை வைத்து, கதவுப் பலகையை விரலால் தட்டிவிட்டு வந்துவிடுவேன். அந்த வீட்டில் அவர் இருந்த காலம் முழுவதும் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிய பேச்சு ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.

அவருக்கு மியூசியத்தில் வேலை. மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். பறவைகளின் தோலை உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி, இன்னது இன்ன குடும்பம் என்று இழுப்பறைகளில் அடுக்குகிற இடத்தில் அவர் இருந்தார். துரைமார் சொல்வதை எழுதுவது, எழுதியதை ஒட்டுவது, ஒட்டியதை அடுக்குவது. வீட்டில் கரண்டியால்தான் சாப்பிடுவார். "துரை வேலை பாத்து துரையாவே ஆயிட்டாரு" என்று எங்கள் சந்தில் சிரிப்பார்கள். பறவைத் தோல் கெடாமல் இருக்கப் பாஷாணம் கலந்த சோப்பு பூசுவார்களாம். எத்தனை தரம் கை கழுவினாலும் நகக்கண்ணில் அது இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியாது, அதனால் கரண்டி. இதை அவர் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. என் கணவர் ஒருநாள் நேராகவே கேட்டபோதுதான் சொன்னார். கேட்டால் சொல்வார், கேட்காததைச் சொல்ல மாட்டார். அது அவருடைய சுபாவம்.

ஒரு சமயம் இரண்டு மூன்று நாட்களாக அவருடைய தட்டு பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது. மாமியாரால் பொறுக்க முடியவில்லை. முன்னறை வாசலில் போய் நின்றுவிட்டார். நான் நடைக்கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"என்னங்க ஐயா, சோறு அப்படியே வருது? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்டுமில்லை அம்மா. புதுசா ஒராள் வந்திருக்கு. எந்தக் குடும்பத்திலை சேர்க்கிறதெண்டு பிடிபடேல்லை."

மாமியாரின் முகம் மலர்ந்தது. குடும்ப விஷயம் என்றால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்த ஊரு?"

"ஆஸ்திரேலியா."

"அம்மாடி! கப்பல்லயா வந்தான்?"

"ஓம், கப்பலிலைதான். பெட்டியிலை."

"பெட்டியிலயா! டிக்கெட்டுக்குக் காசு இல்லாம ஒளிஞ்சு வந்துட்டானா, பாவி மவன்? என்ன தொழிலு?"

"கசாப்பு."

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "சரி, அதுவும் ஒரு தொழில்தான். ஆளு பாக்க எப்படி?"

"மூக்கு நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். பாட்டு நல்லாயிருக்கும் எண்டு எழுதி வைச்சிருக்கினம். நான் கேக்கேல்லை. இஞ்சை வரேக்கையே செத்துப்போச்சு."

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ! செத்துட்டானா? செத்தவனுக்கு எதுக்குய்யா குடும்பம் பாக்கிறீங்க?"

"செத்த பிறகுதான் அம்மா நாங்கள் குடும்பம் பாக்கிறது."

நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். மாமியாருக்கு விஷயம் விளங்கியபோது அவர் போட்ட சத்தம் எனக்குக் கொட்டகை வரை கேட்டது. ஆனால் அவர் எழுந்து வந்துவிடவில்லை. நான் மெல்லத் திரும்பி வந்தபோது, அது என்ன குருவி, எதற்குக் கசாப்பு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஐயா சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் நாட்டில் ஒரு சின்னப் பறவை உண்டாம். பிடித்த பூச்சியையும் பல்லியையும் முள்ளில் குத்தித் தொங்கவிடும். கடையில் ஆட்டுத்தொடை தொங்குவதுபோல இருப்பதால் அதற்குக் கசாப்புக்காரன் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அங்கே வேறொரு பறவை அதே வேலையைச் செய்தது, அதற்கும் கொக்கி அலகு. ஊர் நினைவில் அதையும் கசாப்புக்காரன் என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டதோடு விடாமல் சிலர் இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு புத்தகத்தில் அப்படி இருக்கிறது, இன்னொரு புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது. துரைக்கு அவசரம், ஏதாவது ஒன்றில் வை என்கிறார்.

"தொழில் ஒண்டெண்டதாலை குடும்பம் ஒண்டாகிடுமோ, அம்மா?"

"நம்ம சனத்துக்கிட்ட கேளுங்க. ஆகும்னுதான் சொல்லும்" என்றார் மாமியார்.

ஐயா அதற்குச் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

அந்தச் சீனப் புத்தாண்டுக்கு நாங்கள் எல்லாரும் மியூசியத்துக்குப் போனோம். அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, ஐயா எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் அந்தப் பறவையைக் காட்டினார். மைனாவைவிடப் பெரியது. கறுப்புத் தலை, சாம்பல் முதுகு, வெள்ளைக் கழுத்து. கண் இருந்த இடத்தில் பஞ்சு. அந்த இரண்டு குடும்பங்களின் இழுப்பறைகளுக்கும் நடுவே மேசைமேல் ஒரு தட்டில் தனியாகப் படுத்திருந்தது.

"இதுவா ஆஸ்திரேலியா மாப்பிள்ளை?" என்றார் மாமியார். "இன்னுமா குடும்பம் கிடைக்கல?"

"தேடிக்கொண்டிருக்கிறன்."

அவர் அதை எந்த இழுப்பறையிலும் வைக்கவே இல்லை. சில வருஷங்களுக்குப் பிறகு வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியபோதும் அது அந்தத் தட்டில்தான் இருந்ததாம். துரை கோபித்துக்கொண்டாராம். "எனக்குத் தெரியாததை நான் ஒட்டேல்லை" என்றாராம் இவர். கப்பலுக்குப் புறப்படும் காலையில் என் கணவரிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. நன்றாக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். நினைப்பதுதான், பார்க்கவில்லை.

இப்படி ஒருவர் வீட்டில் இருப்பது எப்போதும் சுகமாக இருக்காது. ஒருமுறை அவர்மேல் எனக்கு வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை.

அந்தப் புத்தாண்டு கழிந்து, நான் அந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது மழைக்காலம். எங்கள் நல்ல பசு ஒன்றின் கன்று திடீரென்று செத்துப்போனது. காலையில் துள்ளிக்கொண்டிருந்தது, மாலையில் இல்லை. கன்று போனதும் பசு பால் சுரக்க மறுத்துவிட்டது. தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்தினால் பசு ஏமாந்து சுரக்கும் என்பது மாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி. வீட்டிலேயே பஞ்சடைக்கிறவர் இருக்கிறாரே என்று என் கணவர் ஐயாவிடம் கொடுத்தார். பசு நக்குமே என்று பாஷாணம் தொடாமல், புதுக் கத்தி வாங்கி, வெறும் உப்பும் வைக்கோலும் வைத்து அவர் செய்து கொடுத்தார். உயிருள்ள கன்றுபோலவே இருந்தது. பசு வந்து மோந்து பார்த்தது, ஒருமுறை நக்கியது, பிறகு திரும்பி நின்றுகொண்டது.

"நம்பேல்லை" என்றார் ஐயா. "வடிவாப் பாக்கிற பசு." கூர்ந்து பார்க்கிற பசு என்று அர்த்தம்.

மாமியாருக்கு அது பாராட்டாகப் படவில்லை. கன்றும் போய், பாலும் போய், அவர் மனசில் வேறு ஏதோ ஓட ஆரம்பித்திருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் சுவரோரம் ஓர் எலுமிச்சை மரம் இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் சாணிக் குழி. காலையும் மாலையும் சாணி அள்ளிக்கொண்டு அங்கே போகிறவள் நான் ஒருத்திதான். கன்று போன அடுத்த வாரம், மாடு பார்க்கிற பெரியசாமி அந்தப் பக்கம் போனவன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். எலுமிச்சை முள்ளில் ஒரு பல்லி குத்தப்பட்டுத் தொங்கியது. அதற்கு மேல் கிளையில் இரண்டு வெட்டுக்கிளிகள். இன்னொரு முள்ளில் தலையில்லாத ஒரு குட்டி ஓணான்.

எலுமிச்சை, முள், குத்தப்பட்ட பிராணி. எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சந்தில் இருந்த பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். செய்வினை. கையால் எடுத்துக் குத்தாமல் பல்லி தானாகவா போய் முள்ளில் உட்காரும்?

மாமியார் வியாழக்கிழமை கோயில் பக்கம் குறி சொல்கிற ஒருவரிடம் போனார். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணவரிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கும்படி.

"கை வெளியில இல்லயாம். உள்ள இருக்காம். பொறந்த கை இல்ல, வந்து சேர்ந்த கைன்னு சொல்றாரு."

அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான் ஒருத்திதான்.

"அம்மா, இவ ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டா" என்றார் கணவர்.

"நானும் அப்படித்தான்டா நெனச்சேன். பேசாத புள்ளன்னு சந்தோசப்பட்டேன். பேசாதவ மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? சாங்கிக்கு அவ அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுடு. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

கொஞ்ச நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் சந்திலேயே கொஞ்ச நாளைக்கு என்று அனுப்பப்பட்ட ஒருத்தி இருந்தாள். அவள் புருஷனுக்கு இப்போது வேறு பெண்டாட்டி. சாங்கித் தென்னந்தோப்பில் கூலி வேலை பார்க்கிற என் அப்பாவுக்கு, எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வாசல் தாண்ட விடக்கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்றார் மாமியார். என்னை அனுப்புகிறவரும் அவரே, என்னை லட்சுமி என்கிறவரும் அவரே. சனிக்கிழமையும் ஆகாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுவண்டி வரச் சொல்லியானது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் துணி மடிக்கும்போது கணவரிடம் முணுமுணுத்தேன். "அந்த ஆஸ்திரேலியாக் குருவி. முள்ளுல குத்துமே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நேராக முன்னறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஐயா, கணவர், மாமியார், பெரியசாமி எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள்.

"அந்தக் குருவி ஆஸ்திரேலியாவுலல்ல இருக்கு?" என்றார் மாமியார். "அதுவும் செத்துப்போச்சு. நானே பாத்தேன்."

"அது வேறை, அம்மா" என்றார் ஐயா. "முதல் குருவி இருக்கே, வெள்ளைக்காரன்ரை ஊரிலை உள்ளது, அதின்ரை சொந்தத்திலை ஒண்டு இஞ்சையும் வரும். மழைக்காலத்திலை வடக்கிலை இருந்து பறந்து வரும். அதுவும் முள்ளிலை குத்தும் எண்டு புத்தகத்திலை இருக்கு."

பெரியசாமி ராமநாதபுரத்துக்காரன். "அட, கீச்சான்! எங்க ஊர்ப் பக்கம் கீச்சான்னு சொல்லுவாங்க ஆத்தா, கருவேல முள்ளுல..."

மாமியார் அவனை முடிக்க விடவில்லை. "கீச்சானா? கீச்சான்னா மீனுடா! நாகப்பட்டினத்துக்காரிகிட்ட வந்து கீச்சானைப் பத்திப் பேசுறியா? கொழம்பு வெச்சுத் தின்னவ நான். மீனு கடல்லருந்து ஏறி வந்து, எலுமிச்ச மரத்துல பல்லியைக் குத்திட்டுப் போச்சா?"

"மீனுக்கும் அதுதான் பேரு ஆத்தா, குருவிக்கும்..."

"ரெண்டுக்கும் ஒரே பேரா? அப்ப உனக்கும் எருமைக்கும் ஒரே பேருன்னு சொல்லு, நம்புறேன்."

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. இது அந்தக் குருவி பண்ணின வேலைதானே?"

எல்லாரும் அவரைப் பார்த்தோம். ஆமாம் என்கிற ஒரு வார்த்தை. மாமியாரின் முகத்திலும் அதற்கான ஒரு சின்ன இடம் இருந்ததை நான் பார்த்தேன். அவர் என்ன கல்மனசுக்காரியா.

"இந்த மரத்திலை அது குத்தினதை நான் பாக்கேல்லை, தம்பி" என்றார் ஐயா. "பாக்காமல் சொல்லேலாது."

மாமியார் திரும்பி உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கோபம் வந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்தபோது கதவைத் தட்டவில்லை. ஆறிப்போகட்டும் என்று வந்துவிட்டேன். என் தகரப்பெட்டியை எடுத்துப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சாணி கொட்டப் போனபோது, கொட்டகைக்குள் ஒரு பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஐயா உட்கார்ந்திருந்தார். சட்டை, கோட்டு, மடியில் குடை. ஒருநாளும் வேலைக்கு மட்டம் போடாத மனிதர். ஓலை இடுக்கு வழியாக எலுமிச்சை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார், நான் அசைக்கவில்லை.

நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். மதியத்துக்கு மேல் மழை விட்டபோது அது வந்தது. சிட்டுக்குருவியைவிடப் பெரிய பழுப்புப் பறவை, கண்ணுக்குக் குறுக்கே திருடன் துணி கட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. மரத்து உச்சியில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. தரையில் குதித்து ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தது. முள்ளுக்குக் கொண்டுபோ என்று மனசுக்குள் சொன்னேன். அது அங்கேயே விழுங்கிவிட்டுப் பறந்துபோனது.

கணவர் அவர் காதருகே குனிந்தார். "போதுமே ஐயா. குருவி வந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்களேன்."

"குருவி வந்தது. அதைச் சொல்லுவன். குத்தினது எண்டு சொல்லேலாது."

பக்கத்தில் உலக்கை ஒன்று சாய்ந்திருந்தது. அதை நான் எடுக்காமல் இருந்தது பெரிய காரியம்.

சனிக்கிழமை காலையில் அவர் மாமியாரைக் கூப்பிட்டார். "வாங்கோ அம்மா, இதிலை இருங்கோ. நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். நீங்களே பாருங்கோ. ஆனா கதையாதேங்கோ. சத்தம் கேட்டால் வராது."

மாமியாரைப் பேசாமல் இருக்கச் சொன்னவர் அதுவரை பிறக்கவில்லை. ஆனாலும் பசுவும் குருவியும் அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தன்னை நம்பாமல், வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டார். நான் பின்னால் தூணோடு நின்றேன். மாடுகள் அசைபோட்டன. மழை பெய்தது, நின்றது. மாமியாரின் கன்னம் மட்டும் புடைத்துக்கொண்டே போனது.

அது வந்தபோது அலகில் ஒரு பல்லி துடித்துக்கொண்டிருந்தது.

கிளையில் உட்கார்ந்தது. பல்லியை ஒரு முள்ளின்மேல் வைத்து அழுத்தியது, வழுக்கியது. வேறு முள்ளுக்கு மாறியது. தலையைக் கீழே இழுத்து இழுத்து, பல்லி நன்றாக ஏறும் வரை குத்தியது. பிறகு தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தது. கொஞ்சம் பிய்த்துத் தின்றது, மீதியை விட்டுவிட்டுப் போய்விட்டது.

மாமியாருக்குப் பேசவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் துழாவி, என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பறவை போனதும் சாணிக் குழிப் பக்கம் ஓடித் துப்பிவிட்டு வந்து, மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொடியில துணி காயப்போடுற மாதிரில்ல போடுது! பாத்தியா புள்ள? மொத முள்ளு சரியில்லன்னு வேற முள்ளு பாக்குது! மிச்சத்தை நாளைக்கின்னு எடுத்து வெச்சுட்டுப் போவுது. இந்த வீட்டுல யாருக்கு இருக்கு இந்தப் புத்தி?"

"நான் சொன்னேனே ஆத்தா, கீச்சான்னு" என்றான் பெரியசாமி.

"நீ சும்மா இரு. கீச்சான்னா மீனுதான்."

முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் மாமியார் முக்காலியில் மறுபடி உட்கார்ந்தார். முகம் மெல்ல மாறியது.

"சரி. பல்லி குருவி வேலை. அப்ப கன்னுக்குட்டி? அது ஏன் செத்துச்சு?"

என் மணிக்கட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. பிடி தளர்வது எனக்குத் தெரிந்தது. ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்லுங்களேன் என்று மனசுக்குள் ஐயாவைக் கெஞ்சினேன்.

"அது எனக்குத் தெரியாது" என்றார் ஐயா.

"பின்ன? குறி சொன்னவரு கை உள்ள இருக்குன்னாரே?"

"கன்று ஒரு விசயம். பல்லி ஒரு விசயம். ரெண்டும் அடுத்தடுத்து நடந்ததெண்டு ஒரு பெட்டியிலை போடாதேங்கோ, அம்மா. பல்லியைப் போட்ட பெட்டி பிழையெண்டு இப்ப நீங்களே பாத்தனீங்கள். கன்றை இப்ப ஒரு பெட்டியிலையும் போடாதேங்கோ. இருக்கட்டும்."

மாமியார் வாயில் வெற்றிலை இல்லாமலே பேசாமல் இருந்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். ஐயாவையும் பார்த்தார்.

"அப்ப இவ? இவளைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்பார். பார்க்கவில்லை என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்ல பிள்ளை" என்றார் ஐயா.

கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வந்த நாளிலையிருந்து பாக்கிறன். மாட்டுக்குத் தண்ணி காட்டாமல் இவா சாப்பிட்டதில்லை. உங்களுக்குக் கால் வீங்கின நேரம், நீங்கள் கேக்க முதல் வெந்நீர் வரும். கன்று செத்த அண்டைக்கு நீங்கள் எல்லாரும் கத்தினீங்கள். இவா ஒருத்திதான் அதின்ரை வாயைத் துடைச்சு, பசுவின்ரை கண்ணிலை படாமல் சாக்காலை மூடினவா. என்ரை அறை வாசலிலை இருந்து பாத்தால் நடை வழியே கொட்டகை நேரே தெரியும். இது புத்தகத்திலை வாசிச்சது இல்லை, நான் பாத்தது."

மாமியார் அவரை முறைத்தார். "இதை வியாழக்கிழமையே சொன்னா என்னங்க ஐயா? பெட்டி கட்டிட்டாளே இவ!"

"வியாழக்கிழமை நீங்கள் குருவியைப் பற்றித்தானே அம்மா கேட்டனீங்கள்."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வண்டிக்காரர் வந்து வாசலில் மணியை ஆட்டினார். நான் உள்ளே அசையாமல் நின்றேன். மாமியார்தான் போய்க் கதவைத் திறந்தார்.

"எங்கம்மா சாங்கிக்குப் போற பொண்ணு?"

"எந்தப் பொண்ணு? அதெல்லாம் யாரும் போகல" என்று மாமியார் சத்தம் போட்டது சந்து முழுக்கக் கேட்டது. "வண்டிய வெறுமனே திருப்பிடாதய்யா. போய் ரெண்டு மூட்டை தவிடு ஏத்திட்டு வா. ஏ புள்ள, அங்க என்ன நின்னுட்டு இருக்க? வண்டிக்காரருக்கு மோர் கொண்டா!"